தங்கையும் அவள் துணைவியும் குழந்தையோடு டர்பனுக்கு வரலாமா?

கேட்பவர்: டர்பன் அக்கா

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் பிறந்தவள். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். என் தங்கை கோவையில் மென்பொருள் பொறியாளராக வேலை செய்கிறாள். அவளும் செவிலியரான அவள் துணைவியும் ஒன்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. குழந்தையைப் பெற்றவள் துணைவி. இருவரும் சேர்ந்து முடிவெடுத்து, செயற்கைக் கருத்தரிப்பின் மூலம் பெற்றுக்கொண்ட பிள்ளை அவள். மருத்துவச் செலவையும் பிரசவச் செலவையும் ஏற்றதும், இரவெல்லாம் தோளில் போட்டுத் தூங்கவைத்ததும் என் தங்கைதான். ஆனால் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் மட்டுமே இருக்கிறது. என் தங்கைக்கு அந்தக் குழந்தையோடு எழுத்தில் எந்த உறவும் இல்லை.

சென்ற ஆண்டு துணைவி தன் தந்தையின் இறுதிச் சடங்குக்காக ஊருக்குப் போயிருந்தபோது, நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. தங்கை ஆட்டோ பிடித்து அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சேர்க்கைப் படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'சித்தி' என்று எழுதியிருக்கிறாள். பெற்றவளோ சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசி, கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்து அனுப்பிய பிறகே அடுத்த பரிசோதனைகளைத் தொடங்கினார்கள். காலையில் கண் விழித்த குழந்தையிடம் செவிலியர், "சித்தி எங்கே போனாங்க?" என்று கேட்டதற்கு, "சித்தி இல்ல, அம்மா" என்று குழந்தை திருத்தியதாம். இதை என்னிடம் சொல்லும்போது தங்கைக்குப் பேச்சு வரவில்லை.

துணைவிக்கு ஏதேனும் நேர்ந்தால் குழந்தை என் தங்கையிடமே வளர வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்க வராத துணைவியின் அண்ணன் நாளை வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்ற பயம் இருவரையும் அரித்துக்கொண்டிருக்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம், தன்பாலினத்தவருக்குத் திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை இல்லை என்றும், அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றும் சொல்லிவிட்டது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. அன்றுதான் தங்கை வெளிநாட்டில் வேலை தேடத் தொடங்கினாள். இப்போது டர்பனை அடுத்த உம்லங்காவில் உள்ள ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை தர முன்வந்திருக்கிறது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. தங்கையை அவர் ஒதுக்கியவர் அல்லர். பேத்தியைத் தினமும் பூங்காவுக்கு அழைத்துப் போகிறவர். "பிறந்த மண்ணில் நின்று கேட்காமல் ஓடிப்போவதா?" என்பதே அவர் கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. இங்கே வந்தால் சட்டம் இவர்களை ஒரு குடும்பமாகப் பார்க்குமா, என் தங்கை தாய் என்று எழுத்தில் ஆக முடியுமா, வந்தவர்களின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் மறுமொழி: மாரிட்ஸ்பர்க் மருமகள்

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் திருநெல்வேலிக்காரி. 2009இல் படிக்க வந்து, இங்கேயே ஐந்தாம் தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணை 2012இல் திருமணம் செய்துகொண்டேன். எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான். ஆகவே நான் நடந்து வந்த வழியை அப்படியே சொல்கிறேன்.

இந்த நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, பாலின ஈர்ப்பின் பெயரால் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 1998இல் நீக்கியது. உங்கள் தங்கைக்கு நேரடியாகப் பயன்படுவது 1999 டிசம்பரில் வந்த தீர்ப்பு: இங்கே வசிக்கும் ஒருவரின் வெளிநாட்டுத் துணைவர் தன்பாலினத்தவர் என்பதற்காகக் குடிவரவில் அவரை வேறுபடுத்தக் கூடாது என்று அது சொன்னது. அதனால் இன்றைய குடிவரவுச் சட்டத்தில் 'வாழ்க்கைத் துணை' என்ற சொல்லின் வரையறையிலேயே நிலையான தன்பாலின உறவும் அடங்கியிருக்கிறது. 2006 நவம்பர் 30 அன்று சிவில் யூனியன் சட்டம் நடைமுறைக்கு வந்து, ஆப்பிரிக்காவில் முதல் நாடாக இங்கே தன்பாலினத்தவர் திருமணமும் சாத்தியமானது.

உங்கள் தங்கை கிரிட்டிகல் ஸ்கில்ஸ் விசாவில் (நாட்டுக்குத் தேவையான திறன் உள்ளவர்களுக்குத் தரும் வேலை விசா) வந்தால், அவர் துணைவி உடன்வரும் துணை என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். திருமணப் பதிவு இல்லாதவர்கள் குறைந்தது 2 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்ததையும், பணத்திலும் மனத்திலும் ஒருவரையொருவர் தாங்கி வாழ்வதையும் நிரூபிக்க வேண்டும். நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வேண்டும். ஆகவே இன்றே ஒரு காலணிப் பெட்டியை எடுத்து, வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் ஒருவர் மற்றவரை வாரிசாக எழுதிய தாள், தேதியோடு கூடிய படங்கள், குழந்தையின் மருத்துவச் செலவுக்கு உங்கள் தங்கை பணம் கட்டிய ரசீதுகள் என்று எல்லாவற்றையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் பெட்டி இன்னும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

இருவரையும் தனித்தனியே அழைத்துக் கேள்வி கேட்கவும் கூடும். எங்களைக் கேட்டார்கள். நேற்றிரவு என்ன சமைத்தீர்கள் என்ற கேள்விக்கு நான் 'புளிக்குழம்பு' என்றேன், அவள் 'மீன் கறி' என்றாள். இரண்டும் ஒரே சட்டிதான். புளி கரைத்து வைத்த மீன் குழம்பு. வெளியே வந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த ஒரு சொல்லால் எல்லாம் போய்விடுமோ என்று அன்று இரவு முழுவதும் நான் தூங்கவில்லை. எதுவும் ஆகவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டு அடுப்பங்கரையை ஓர் அந்நியர் முன் விரித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உடன்வரும் துணைக்குத் தரும் விசாவில் வேலை செய்ய முடியாது. துணைவி செவிலியர் என்கிறீர்கள். அவர் இங்கே பணியாற்ற வேண்டுமானால் தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்து, தமக்கென்று வேலை விசாவும் பெற வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். பத்து ஆண்டுகள் தன் சம்பாத்தியத்தில் நின்ற பெண், திடீரென்று துணைவியின் கையை எதிர்பார்த்து வீட்டில் இருக்கும் நிலையைத் தாங்குவாரா என்று இருவரும் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும். எனக்குத் தெரிந்த இரண்டு இணையர்கள் விசா கிடைத்து வந்த பிறகு பிரிந்தார்கள், இரண்டு வீட்டிலும் இதுதான் காரணம்.

இனிக் குழந்தை. இதுதான் உங்கள் கேள்வியின் நெஞ்சு என்று நினைக்கிறேன். தன்பாலின இணையர் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று 2002இலும், செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த குழந்தைக்கு இருவருமே பெற்றோர் என்று 2003இலும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணம் செய்யாமல் நிலையான இணையராக வாழ்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2023 ஜூனில் வந்த தீர்ப்பு சொன்னது. என் மகனின் பிறப்புச் சான்றிதழில் எங்கள் இருவர் பெயரும் இருக்கின்றன. உங்கள் தங்கையின் மகள் இந்தியாவில் பிறந்துவிட்டதால் அவர்களுக்கு வழி வேறு: 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 231ஆம் பிரிவு, ஒருவரின் வாழ்க்கைத் துணை ஏற்கெனவே பெற்ற குழந்தையை அவர் தத்தெடுக்க இடம் தருகிறது. பெற்றவளின் உரிமை போகாது. இரண்டாமவருக்கும் உரிமை வரும். வெளிநாட்டுக் குடிமக்கள் என்பதால் இதில் சிக்கல்கள் உண்டு, ஆகவே குழந்தைகள் நீதிமன்றத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரையும் தத்தெடுப்புச் சமூகப் பணியாளரையும் வந்த முதல் மாதத்திலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சட்டம் இருந்தாலும் மனிதர்களைத் தாண்டித்தான் அதனிடம் போக வேண்டும். 2012இல் நாங்கள் திருமணப் பதிவுக்குப் போன முதல் அலுவலகத்தில், தம் மனச்சான்று இடம்கொடுக்கவில்லை என்று அதிகாரி மறுத்துவிட்டார். அப்படி மறுக்கச் சிவில் யூனியன் சட்டத்தின் 6ஆம் பிரிவே அவருக்கு இடம் கொடுத்திருந்தது. பட்டுப்புடவையும் கையில் மருதாணியுமாகத் திரும்பி வந்தோம். அந்தப் பிரிவை 2020இல் நீக்கிவிட்டார்கள்.

இரண்டாம் மறுமொழி: சாட்ஸ்வர்த் தமிழாசிரியை

மகளே, உன் அப்பாவின் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன், மற்றதை மாரிட்ஸ்பர்க் பிள்ளை நன்றாகவே எழுதிவிட்டாள். எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்.

1860இல் மதராசிலிருந்து துரூரோ கப்பலில் வந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் இறங்கிய நம் மக்களுக்கு, 'உன் திருமணம் திருமணமே இல்லை' என்ற சொல் புதிதன்று. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் இந்த நாட்டில் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தாலி கட்டிய ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்களாகவும், அவர்கள் பிள்ளைகள் முறைப்படி பிறக்காதவர்களாகவும் ஆனார்கள். அந்த ஆண்டு காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இதுவே பெரிய காரணம். காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து புறப்பட்டு நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பிய பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் தமிழ்ப் பெண்கள். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. அதே ஆண்டு, நம் திருமணங்களை ஏற்க வழி செய்த இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. என் பெற்றோர் 1940களில் டர்பனின் கேட்டோ மேனரில் பந்தல் போட்டு, ஊர் கூடித் திருமணம் செய்துகொண்டவர்கள். அரசுப் பதிவு செய்யவில்லை. யாரும் செய்யச் சொல்லவுமில்லை. பள்ளியில் சேரும்போது என் பிறப்புத் தாளைப் பார்த்த எழுத்தர், என் அம்மாவைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தார். அம்மா தாலியை முந்தானைக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டாள். ஏழு வயதில் அது எனக்குப் புரியவில்லை. ஆனால் அம்மாவின் அந்தக் கை அசைவு இன்றும் கண்முன் இருக்கிறது. நான் பருவமடைந்த பிறகுதான் அவர்கள் பதிவாளர் முன் நின்று மறுபடியும் கையெழுத்திட்டார்கள். இந்து முறைப்படி மட்டும் திருமணம் செய்த பெண்ணுக்குக் கணவனின் சொத்தில் பங்கு உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2009 வரை ஆயிற்று. உன் தங்கை 'சித்தி' என்று எழுதிய இடத்தைப் படித்தபோது எனக்கு அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது.

என் சின்ன மாமா ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை விரும்பினார். 1949ஆம் ஆண்டின் கலப்பு மண தடைச் சட்டப்படி அவர்கள் மணக்க முடியாது. சேர்ந்து வாழ்ந்தால் ஒழுக்கக்கேட்டுச் சட்டப்படி சிறை. காவலர்கள் இரவில் வீடுகளுக்குள் நுழைந்து படுக்கையைத் தொட்டுப் பார்த்த காலம் அது. மாமா கப்பலேறி லண்டனுக்குப் போனார், அவளும் பின்னாலேயே போனாள். அங்கே மூன்று பிள்ளைகள். மாதம் ஒருமுறை நீல நிற விமானக் கடிதம் வரும். மாமாவின் தாயான என் ஆயாவுக்கு எழுத்து தெரியாது, நான்தான் வாசிப்பேன். முடித்ததும் கடிதத்தை வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். அந்தச் சட்டம் 1985இல் நீக்கப்பட்டபோது ஆயாவும் இல்லை, மாமாவும் இல்லை. மகன் அருகில் இல்லாமலேயே இறந்தவள் அவள், அந்தத் துயரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 'ஓடிப்போனவன்' என்று அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வரவில்லை. "அங்கே யாரும் கதவைத் தட்டாமல் தூங்குகிறான்" என்பாள்.

உன் அப்பாவிடம் இதைச் சொல். நின்று போராடியவர்களையும் நான் அறிவேன், போனவர்களையும் அறிவேன். மாமாவின் பிள்ளைகள் தாய் தந்தை இருவர் பெயரோடும் வளர்ந்தார்கள். வழக்கு முடியும்வரை குழந்தைக்கு வயது நிற்பதில்லையே, அம்மா.

மூன்றாம் மறுமொழி: வவுனியாவிலிருந்து ஜொகனஸ்பர்க்

வணக்கம் அக்கா. நான் இலங்கைத் தமிழன். என் துணைவரோடு ஜொகனஸ்பர்க்கில் இருக்கிறேன். தன்பாலின உறவைக் குற்றமாக்கும், எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 365ஏ பிரிவு 1883இல் பிரிட்டிஷார் எழுதியது. 1995இல் அதைத் திருத்தியபோது நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்ன பிறகும் பிரிவு அப்படியே இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி முன்னவர்கள் எழுதியதெல்லாம் சரி. வாழ்க்கை எப்படி என்று கேட்டீர்களே, அதற்கு எழுதுகிறேன். இந்த அரசியலமைப்பு இருக்கும் இதே நாட்டில்தான் தேசியக் கால்பந்து அணியில் ஆடிய யூடி சிமெலானே, தன்பாலீர்ப்பை மறைக்காமல் வாழ்ந்தவர், 2008இல் குவாதேமாவில் கொல்லப்பட்டார். தம் ஈர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் 2025 பிப்ரவரியில் க்கெபெர்ஹாவில் காருக்குள் சுட்டுக்கொல்லப்பட்டார். உங்கள் தங்கை உம்லங்காவில் வாயிற்காவல் உள்ள குடியிருப்பில் வாழ்வார். நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த குடியிருப்பான டவுன்ஷிப்பில் வாழும் கறுப்பினப் பெண்ணின் ஆபத்து அவருக்கு இருக்காது. இருந்தாலும் கோயிலிலும் பள்ளி வாசலிலும் கேள்விகள் வரும். அவற்றுக்கு விடை சொல்லக் குழந்தையைத் தயார்ப்படுத்த வேண்டும்.

இன்னொன்று. 'அகதியாகப் பதிவு செய்தால் எளிது' என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் பாலின ஈர்ப்பின் பெயரால் துன்புறுத்தப்படுபவர்களையும் ஏற்கிறது. அதே வரியில் சாதியும் இருப்பதை நம்மவர் பலர் அறியார். ஆனால் அந்த வாசலில் நிற்பவர்கள் வேறு நிலையில் வருபவர்கள். 2023இல் உகாண்டா கொண்டுவந்த சட்டத்தில் ஆயுள் தண்டனையும், சில நிலைகளில் மரண தண்டனையும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுபவர்களையும் அது குற்றவாளி ஆக்கியது; அந்தப் பகுதியை அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் 2024இல் நீக்கியது. அங்கிருந்து வந்த ஓர் இணையருக்கு நானும் துணைவரும் மாதம் ஒருமுறை அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். புகலிடம் கோருவோருக்கான தாளை நெகிழியுறையில் போட்டு, மடித்து, சட்டைக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் நைந்துபோனால் அவர்கள் யாரும் இல்லை. உங்கள் தங்கைக்குக் கையில் தொழில் இருக்கிறது, வேலை விசா கிடைக்கும், இங்கே அக்கா இருக்கிறார். அந்த வழியிலேயே வரட்டும்.

அப்பாவுக்கு ஒன்று: நான் கிளம்பியபோது என் அப்பாவும் இதே கேள்வியைக் கேட்டார். நான் விமானம் ஏறிய பிறகு அவருக்குப் பதில் எழுதவே இல்லை, அவர் போய்விட்டார். உங்கள் தங்கை அப்பாவோடு பேசிவிட்டு வரட்டும்.

கேட்டவரின் பதில்: டர்பன் அக்கா

மூவருக்கும் என் நன்றி. ஆசிரியையின் பதிவை அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "சென்னை உயர் நீதிமன்றத்தில் நல்ல தீர்ப்புகள் வருகின்றனவே" என்றார். உண்மைதான், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியன்று, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று 2025 மே மாதம் அங்கே ஒரு தீர்ப்பு வந்தது. அதைச் சொல்லிவிட்டு அவரே, "பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயசு வந்துடுச்சு" என்றார். மறுநாள் தங்கையோடு வங்கிக்குப் போய்ப் பழைய கணக்குத் தாள்களை வாங்கிவந்திருக்கிறார். காலணிப் பெட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது.

துணைவி வேலை விஷயத்தைக் கேட்டு முதலில் அழுதுவிட்டாள். செவிலியர் மன்றப் பதிவைக் கோவையிலிருந்தே தொடங்கிவிட்டு, அது ஒரு நிலைக்கு வந்த பிறகே கிளம்புவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். நிறுவனத்திடம் ஆறு மாத அவகாசம் கேட்டிருக்கிறாள் தங்கை. ஆசிரியைக்கு ஒரு கேள்வி: குழந்தைக்குத் தமிழ் விட்டுப்போய்விடக் கூடாது என்று அப்பா கவலைப்படுகிறார். உங்கள் சனிக்கிழமை வகுப்பில் நான்கு வயதுப் பிள்ளைகளைச் சேர்ப்பீர்களா?

மறுமொழி: சாட்ஸ்வர்த் தமிழாசிரியை

சேர்ப்பேன். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. சிலேட்டும் தண்ணீர்ப் புட்டியும் போதும். சேர்க்கைப் படிவத்தில் தந்தை, தாய் என்று இருந்த இரண்டு வரிகளைச் சென்ற ஆண்டே 'பெற்றோர்', 'பெற்றோர்' என்று மாற்றி அச்சிட்டுவிட்டேன். இருவரையும் வந்து கையெழுத்திடச் சொல்.